மூலக்கூறும் அதன் சேர்க்கையும்

ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்தால் நீர் சிவப்பதை நேயர்கள் அறிவார்கள். சேர்க்கையால் மூலக்கூறு மாறுவதே அதன் ரகசியம்.

ஒளியினால் உருமாறும் மூலக்கூறுகளும் உண்டு. ஸ்பைரோபைரான் என்னும் நிறமற்ற பொருளின் மீது புற ஊதாக் கிரணம் பட்டால், அதனுள் ஒரு பிணைப்பு அவிழ்ந்து, வர்ணமுள்ள மெரோசயனின் ஆகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளியோ வெப்பமோ அதைப் பழையபடி மூடிவிடும். 1952-இல் பிஷர், ஹிர்ஷ்பெர்க் என்னும் விஞ்ஞானிகள் இதை வெளியிட்டனர். மின்விளக்கின் விசையைப் போன்றதன்றோ இது!

1961-இல் மிச்சிகன் சர்வகலாசாலையில் பிராங்கன் முதலியோர் சிவப்பு லேஸர் ஒளியைப் படிகக்கல்லில் செலுத்தியபோது, அதில் மிகச் சிறு பகுதி அலைநீளம் பாதியாகி வெளிவந்தது. ஒளியை இவ்விதம் மாற்றும் திறன் திறந்த உருவுக்கு அதிகம்; மூடிய உருவுக்குக் குறைவு. ஆகவே விசையின் நிலையை ஒளியாலேயே அறியலாம்.

அத்திறனைக் கணக்கிடுவதில்தான் சங்கடம். மூலக்கூறைச் சூனியத்தில் தனியே நிறுத்திக் கணித்தால் விடை பிசகும். திறந்த உருவில் மின்னேற்றம் இருபுறமும் பிரிந்து நிற்கிறது. சூழ்ந்த திரவம் அப்பிரிவை வளர்க்கிறது. 1981-இல் இத்தாலியிலுள்ள பீஸாவில் தொமாஸி முதலியோர் ஒரு வழி கண்டனர்: திரவத்தைத் தொடர்ச்சியான ஊடகமாகவும், மூலக்கூறை அதிலுள்ள குழியில் அமர்ந்ததாகவும் பாவித்தனர். மூலக்கூறு திரவத்தைத் தூண்ட, திரவம் மூலக்கூறைத் திரும்பத் தூண்டுகிறது. ஹைட்ரஜன் பிணைப்பு நேரும் திரவங்களில் அண்டை மூலக்கூறுகள் சிலவற்றையும் கணக்கில் சேர்ப்பது நலம்.

பரீட்சைத் தாளை மட்டும் பார்த்துப் பையனை எடை போடும் என் போன்ற உபாத்தியாயர்களுக்கும் இதில் ஒரு பாடம் உண்டு.