சுண்டெலியின் மூச்சும் சலிப்பறையின் மூச்சும்

உடப்புசல்லாவையில் பிறந்த எனக்குத் தேயிலையின் மணம் முதலில் அறிமுகமானது தந்தையாரின் சட்டையில்தான். தோட்டத்துத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் பகுதியில் அவருக்கு வேலை. இரவில் லயத்து அறையில் இழுப்பு வரும். "பனிக் குளிர்" என்பார் அம்மா. நாங்களும் நம்பினோம்.

அந்த இழுப்புக்கு வேறொரு காரணமும் இருக்கலாம் என்பதைப் பத்திரிகைத் தொழிலுக்கு வந்த பின்னரே அறிந்தேன். நம் நாட்டு மார்புநோய் மருத்துவர் சி. ஜி. உரகொட, 1970இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையொன்றில் 'தேயிலை தயாரிப்பவரின் ஆஸ்துமா' என்ற தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். காய்ந்த தேயிலையைச் சலிக்கையில் எழும் பஞ்சு போன்ற நுண்தூசு சிலருக்கு ஒவ்வாமையாகிறது.

அவ்வொவ்வாமை உடலுக்குள் நிகழும் விதத்தை நமக்குப் பெரிதும் கற்பித்தவை ஆய்வுகூடச் சுண்டெலிகள். அவற்றுக்கு இயல்பாக ஆஸ்துமா வருவதில்லை. முட்டை வெள்ளைக்கருப் புரதத்தை ஊசியால் ஏற்றி, பின்னர் அதையே மூச்சோடு செலுத்தி நோயை உண்டாக்குவர். 1986இல் மொஸ்மன், கொஃப்மன் குழுவினர் சுண்டெலியின் உதவி டி-கலங்கள் இருவகைப்படும் எனக் காட்டினர். அவற்றுள் ஒருவகை விடுக்கும் சமிக்ஞைப் புரதங்களே ஒவ்வாமையை நடத்துகின்றன. இன்டர்லூக்கின் 4 ஒவ்வாமைப் பிறபொருளெதிரியைப் பெருக்கும். 5 இயோசின் கலங்களைத் திரட்டும். 13 சளியைப் பெருக்கி மூச்சுக்குழாயை எளிதில் சுருங்கச் செய்யும்.

எலியில் கண்டது மனிதரில் அப்படியே பலிக்கவில்லை. இன்டர்லூக்கின் 5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப், 2000இல் வெளியான பரிசோதனையில் இயோசின் கலங்களைக் குறைத்தது. மூச்சுக்குழாயின் கூருணர்ச்சியைக் குறைக்கவில்லை. தக்க நோயாளரைத் தெரிந்தெடுத்த பின்னரே பயன் தெரிந்தது. 2015இல் அமெரிக்கா அதனை அனுமதித்தது.

இவ்வாராய்ச்சியை நான் குறைகூற மாட்டேன். ஆனால் அதன் விலையுயர்ந்த ஊசிகள் நாட்கூலிக்காரரின் கைக்கு எட்டாதவை. அவருக்கு எட்டக்கூடிய பாடம் வேறொன்று. ஆய்வுகூடத்தில் அந்தப் புரதத்தைச் செலுத்துவதை நிறுத்தினால், எலியின் மூச்சுக்குழாய் அழற்சி பொதுவாகத் தணிந்துவிடும். தொழில்வழி ஆஸ்துமாவுக்கும் முதல் மருத்துவம், தூசிலிருந்து ஆளை விலக்குவதே.

தொழிற்சாலையிலிருந்து தூசை அகற்ற வேண்டும் என்ற கடமை 1942ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டத்திலேயே உண்டு. இலாபம் சுருங்கிவிட்டது என்று தோட்ட நிர்வாகங்கள் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. ஆயினும் தூசை உறிஞ்சும் விசிறியும், ஆண்டுக்கொருமுறை மூச்சளவும், பாதிக்கப்பட்டவருக்குக் கூலி குறையாத மாற்று வேலையும் கேட்பது பேராசையன்று. மாற்று வேலைக்கான உறுதி இல்லாவிட்டால் எந்தத் தொழிலாளி தன் இருமலை வாய்விட்டுச் சொல்வார்?

என் தந்தைக்கு வந்தது தேயிலை ஆஸ்துமாதானா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. ஆய்வுகூடத்தில் சுண்டெலியின் மூச்சைக் கருவி வைத்து அளக்கிறார்கள். அவருடைய மூச்சை ஒருநாளும் எவரும் அளக்கவில்லை.