மனநோயாளிக்குத் துணை யார்?

சரோஜினி நகர்: யாராவது சற்று ஏறுமாறாகப் பேசினால் தமிழர்கள் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்பார்கள். அதே ஆளை டில்லிக்காரர்கள் "ஆக்ராவுக்கு அனுப்பு" என்பார்கள். பீகார்க்காரர்கள் ராஞ்சியைச் சொல்வார்கள். மூன்று இடங்களிலும் பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகள் உண்டு. அதனால் வந்த வழக்கு. ஊருக்கு ஊர் பெயர் வேறாக இருக்கிறதே தவிர, கேலிக்குப் பின்னால் உள்ள எண்ணம் ஒன்றுதான். புத்தி பேதலித்தவரை வீட்டிலிருந்து கிளப்பித் தொலைவில் ஓரிடத்தில் சேர்த்துவிட்டால் தொல்லை தீர்ந்தது என்கிற எண்ணம் அது.

இந்த எண்ணத்தோடு வாழ்நாள் முழுவதும் மல்லுக்கு நின்றவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநோய் மருத்துவர் என்று போற்றப்படுபவர். கேலிக்கு ஆளான அதே கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரியில் 1961 முதல் 1978 வரை சூப்பரின்டென்டென்டாக இருந்தார். 1992-ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பர் 5-ந் தேதி, தமது 98-வது வயதில் சென்னையில் காலமானார்.

சென்னையில் மனநோயாளிகளுக்கென்று இல்லம் ஏற்பட்டது 1794-ல், கம்பெனி ஆட்சியில். கீழ்ப்பாக்கத்துக்கு அது வந்தது 1871-ல். சாரதா மேனன் பொறுப்பேற்ற காலத்தில் அங்கே உள்ளே போனவர்கள் திரும்பி வருவது அபூர்வமாக இருந்தது. நோய் தணிந்த பின்னும் அழைத்துப் போக ஆள் வராது. சேர்க்கும்போதே விலாசத்தை மாற்றிக் கொடுத்துவிட்டு ரயிலேறும் உறவினர்கள் எந்த மாநிலத்திலும் இருந்திருக்கிறார்கள். அவர் செய்த காரியம் சுருக்கமாக இதுதான்: வெளிநோயாளிப் பிரிவை விரிவாக்கினார், நோயாளிகளுக்குக் கைத்தொழில் பழக ஏற்பாடு செய்தார், குடும்பத்தாரை வரவழைத்துப் பேசினார். ஓய்வு பெற்ற பிறகு, 1984-ல், மனச்சிதைவு நோய்க்கென்றே 'ஸ்கார்ஃப்' என்ற நிலையத்தைச் சென்னையில் தொடங்கினார். மாத்திரை நோயை அடக்கும். மனிதனை மறுபடி நிமிர்த்துவதற்கு வேலையும் வீடும் வேண்டும் என்பது அவரது வைத்திய முறையின் சாரம்.

ரயிலில் வந்திறங்கும் வயது

மனச்சிதைவு என்பது ஏறக்குறைய நூற்றில் ஒருவருக்கு வாழ்நாளில் வரக்கூடிய நோய். இல்லாத குரல் காதில் கேட்கும். பக்கத்து மேஜைக்காரர் தன்னைப் பற்றியே பேசுவதாகத் தோன்றும். தூக்கம் போகும், குளிப்பது நிற்கும். பெரும்பாலும் இது தலைகாட்டுவது பதினெட்டிலிருந்து முப்பது வயதுக்குள். உத்தியோகத்துக்கென்று ஒரு தமிழ்ப் பையன் பெட்டி படுக்கையுடன் நிஜாமுதீனில் வந்திறங்கும் வயதும் அதுதான். சொந்த ஊரில் இருந்தால் தாயாரோ தமக்கையோ ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். நாலு பேர் சேர்ந்து ஓர் அறையில் தங்கி, ஷிப்டு மாறி மாறித் தூங்கும் இடத்தில் யார் கவனிப்பது? "ஆள் கொஞ்சம் ஒதுக்கம்" என்று விட்டுவிடுவார்கள். ஆறு மாதம் கழித்து ஆபீஸிலிருந்து மெமோ வரும்போதுதான் விஷயம் வெளியாகிறது.

நோய் முற்றுமுன் பிடித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையிலேயே அத்தாட்சி இருக்கிறது. புதிதாக மனச்சிதைவு கண்ட 90 பேரை 1981 முதல் டாக்டர்கள் ராஜ்குமார், தாரா முதலியோர் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். பத்தாண்டு கழித்துப் பார்த்தபோது, தேடிக் கண்டுபிடிக்க முடிந்தவர்களில் பெரும்பாலோர் நல்ல நிலையில் இருந்தனர். பலர் வேலை பார்த்தனர், குடும்பம் நடத்தினர். கைவிட்ட வியாதி என்று ஊர் சொல்லும் வியாதியின் கதி இது.

இந்திய மனநோய் வைத்தியத்தில் வெளிநாட்டார் வியந்து பார்த்த சங்கதி ஒன்று உண்டு. 1950-களில் அமிர்தசரஸ் மனநோய் ஆஸ்பத்திரியில் டாக்டர் வித்யா சாகர் என்பவர் இடநெருக்கடியைச் சமாளிக்க வளாகத்தில் கூடாரங்களை அடித்தார். நோயாளியுடன் அவர் வீட்டாரும் அங்கே வந்து தங்கவேண்டும் என்றார். தாயாரும் மனைவியும் பக்கத்திலிருந்து, சமைத்துப் போட்டு, மருந்து கொடுக்கக் கற்றுக்கொண்டார்கள். நோயாளிகள் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையமும் 1957 முதல் குடும்பத்தோடு தங்கி வைத்தியம் செய்துகொள்ளும் முறையைக் கையாண்டு வந்திருக்கிறது. மேலை நாடுகளில் நோயாளியைப் பிரித்து வைத்து வைத்தியம் செய்த காலத்தில், இங்கே வசதிக் குறைவே ஒரு நல்ல வழியைக் காட்டியது.

ஏர்வாடியில் நடந்தது

குடும்பமே மருந்து என்று முடித்துவிட முடியாதபடி ஒரு சம்பவம் குறுக்கே நிற்கிறது. 2001 ஆகஸ்டு 6-ந் தேதி விடியற்காலையில், ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை ஒட்டித் தனியார் நடத்திய விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. ஓலைக் கொட்டகை. உள்ளே இருந்த மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடமுடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். ஒரு வாரத்துக்குள் அங்கிருந்த அத்தனை விடுதிகளையும் சர்க்கார் மூடி, ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. சுப்ரீம் கோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்து விசாரித்தது.

அந்த 28 பேரையும் அங்கே கொண்டு விட்டது யார்? பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள், கட்டியவர்கள். மாதாமாதம் பணமும் அனுப்பியவர்கள் அவர்களில் உண்டு. கொடுமைக்காரர்கள் என்று இவர்களை ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். வயலுக்கோ மில்லுக்கோ போகாவிட்டால் அடுப்பு எரியாத வீட்டில், இருபத்துநாலு மணி நேரமும் ஒருவரைக் காவல் காக்க இன்னொருவரை உட்கார வைக்க முடியாது. அருகில் வைத்தியம் கிடையாது. இருந்த இடத்தில் நம்பிக்கையும், ஒரு கூரையும், ஒரு சங்கிலியும் கிடைத்தன.

இதையெல்லாம் மனத்தில் கொண்டுதான் 2017-ல் பார்லிமெண்டு மனநல பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. 2018 மே 29 முதல் அது அமுலில் இருக்கிறது. மனநோயாளியைச் சங்கிலியில் கட்டுவதை அது அறவே தடுக்கிறது. மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்ச்சி சிகிச்சை கொடுக்கக் கூடாது என்கிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதவேண்டும் என்று சொல்லி, போலீஸ் கேஸ் பயத்தைப் பெரும்பாலும் போக்கியது. சர்க்கார் செலவில் சிகிச்சை பெறும் உரிமை எல்லாருக்கும் உண்டு என்கிறது. நமக்கு நோய் வந்தால் எப்படி வைத்தியம் செய்ய வேண்டும், யார் நம் சார்பில் முடிவு செய்ய வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்கிறது.

மனநோய் டாக்டர்களில் பலருக்கு இந்தச் சட்டம் கசந்தது. குடும்பத்தைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிறது, மேல்நாட்டுச் சட்டத்தைப் பார்த்துக் காப்பியடித்தது, ஆபத்தான நேரத்தில் நோயாளியைச் சேர்க்கக் காகிதமும் கையெழுத்துமாக அலைய வைக்கிறது என்பது அவர்கள் வாதம். இது பாதி சரி. சட்டம் குடும்பத்தை ஒரேயடியாக ஒதுக்கவில்லை; நோயாளி யாரையும் நியமிக்காவிட்டால் உறவினர்தான் அவர் சார்பில் நிற்கிறார். ஏர்வாடிக்குப் பிறகு குடும்பத்தின் கையில் எல்லாவற்றையும் கண்ணை மூடிக்கொண்டு ஒப்படைக்கும் சட்டம் வந்திருந்தால் அது விவேகமாக இருந்திருக்காது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. நோயாளியின் குடும்பத்துக்கு உதவி செய்யும் சேவைகள், வீட்டுக்கே வந்து செய்யும் சிகிச்சை, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் நடுவே தங்கிப் பழகும் இல்லங்கள் ஆகியவற்றைச் சர்க்கார் ஏற்படுத்த வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. குணமாகியும் போக இடமில்லாமல் ஆஸ்பத்திரிகளில் கிடப்பவர்களைப் பற்றி 2017-ல் சுப்ரீம் கோர்ட்டும் கண்டித்துச் சொல்லியாயிற்று. தடை விதிப்பதற்குப் பணம் வேண்டாம். இல்லம் கட்டவும் ஆள் போடவும் பணம் வேண்டும். சட்டத்தில் காசில்லாமல் நடக்கக்கூடிய பகுதி நடக்கிறது, மற்றது கிடக்கிறது. 2015-16-ல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, மனநோய் உள்ளவர்களில் சிகிச்சை கிட்டாதவர்கள், நோய்க்கு ஏற்றவாறு, நூற்றுக்கு 70 முதல் 92 பேர். நாட்டில் லட்சம் ஜனங்களுக்கு ஒரு மனநோய் டாக்டர்கூட இல்லை.

ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம்

சரோஜினி நகர்த் தமிழர்கள் இந்தக் கணக்கில் விசித்திரமான இடத்தில் இருக்கிறார்கள். பழைய குவார்ட்டர்ஸ்கள் பல இடிபட்டு அடுக்குமாடிகள் வந்துவிட்டன. ஆனால் எதில் குடியிருந்தாலும் ரிங் ரோட்டை எட்டினால் ஸப்தர்ஜங் ஆஸ்பத்திரியும் எய்ம்ஸும் எதிரெதிரே நிற்கின்றன. இரண்டிலும் மனநோய்ப் பிரிவு உண்டு. நாட்டின் மூலை முடுக்கிலிருந்து ஜனங்கள் வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருக்கும் இடங்கள் இவை. சென்ட்ரல் சர்க்கார் உத்தியோகஸ்தருக்கு சி.ஜி.எச்.எஸ்., ரயில்வேக்காரருக்குத் தனி ஆஸ்பத்திரி, தொழிற்சாலைக்காரருக்கு இ.எஸ்.ஐ. என்று வசதியும் இருக்கிறது. ஷாதராவில் இருந்த பழைய மனநோய் ஆஸ்பத்திரி, சுப்ரீம் கோர்ட்டின் தலையீட்டுக்குப் பின் 1993-ல் 'இஹ்பாஸ்' என்ற புது நிலையமாகி யமுனைக்கு அக்கரையில் நடக்கிறது.

இருந்தும் பல குடும்பங்கள் முதலில் டிக்கெட் எடுப்பது ஊருக்கு. குணசீலத்துக்கோ ஏர்வாடிக்கோ வேண்டிக்கொண்டு, சென்னை வரைக்குமே சுமார் 2,200 கிலோமீட்டர் போகிறார்கள். வேண்டுதல் மன ஆறுதலுக்கு நல்லதே. அதனால் மாத்திரை நிற்கக் கூடாது என்பதே டாக்டர்கள் கேட்டுக்கொள்வது. பஸ்ஸில் நாலு ஸ்டாப் போனால் கிடைக்கும் வைத்தியத்துக்கு இத்தனை சுற்று ஏன் என்றால், இரண்டு காரணம். ஒன்று, காலனியில் தெரிந்துவிடும் என்ற பயம். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீட்டில் இந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ள முடியாது.

இன்னொன்று பாஷை. எலும்பு முறிவுக்கு எக்ஸ்ரே பேசும். மனநோயில் டாக்டருக்கு இருக்கும் ஒரே எக்ஸ்ரே நோயாளியின் பேச்சு. "காதில் குரல் கேட்கிறதா, என்ன சொல்கிறது?" என்று ஹிந்தியில் கேட்டால், கல்யாணமாகி டில்லிக்கு வந்து இரண்டு வருஷமான பெண் என்ன சொல்வாள்? கணவர்தான் மொழிபெயர்க்க வேண்டும். அவள் மனம் உடைந்ததற்கு அந்தக் கணவரே காரணமாக இருந்தால் மொழிபெயர்ப்பு எந்த லட்சணத்தில் இருக்கும்? தமிழ் தெரிந்த நர்ஸுகளும் டாக்டர்களும் டில்லியில் இல்லாமலில்லை. ஆயினும் அந்த வார்டில், அந்த நேரத்தில் இருக்க வேண்டுமே. 2022 அக்டோபரில் மத்திய சர்க்கார் தொடங்கிய 'டெலி மானஸ்' டெலிபோன் சேவை இதற்கு ஓரளவு பரிகாரம். 14416 என்ற எண்ணை இரவு பகல் எந்நேரமும் காசில்லாமல் கூப்பிடலாம். பேசும் பாஷையாகத் தமிழைத் தேர்ந்தெடுக்கலாம். டெலிபோன் பேச்சு சிகிச்சை ஆகாதுதான். தனக்கு நேர்வதை முதன்முதலாகத் தன் பாஷையில் சொல்ல ஒரு வழி என்ற அளவில் அது பெரிது.

மெமோவும் பென்ஷனும்

உத்தியோகஸ்தருக்கு மனநோய் வந்தால் அடுத்து ஆட்டம் காண்பது உத்தியோகம். சொல்லாமல் லீவு, மேலதிகாரியிடம் கத்தல், பிறகு மெமோ, விசாரணை, நீக்கம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் போகிறது. வேலை போனதும் சம்பளம், குவார்ட்டர்ஸ், மருந்துச் சலுகை மூன்றும் சேர்ந்து போய்விடும். ஆனால் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான 2016-ம் வருஷச் சட்டத்தின் 20-வது பிரிவின்படி, பணியில் இருக்கையில் ஊனமடைந்தவரைச் சர்க்கார் நிர்வாகம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்கு அவர் தகுதியில்லையென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தரவேண்டும். அதுவும் இல்லாவிட்டால் உபரிப் பதவி ஒன்றில் வைத்திருக்க வேண்டும். மனநோயும் அந்தச் சட்டத்தில் ஊனமே. இந்தப் பாதுகாப்பு 1995-ம் வருஷச் சட்டத்திலேயே இருந்தது. குமாஸ்தாக்களில் எத்தனை பேருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

2021 டிசம்பரில், மத்திய ரிசர்வ் போலீஸ் படை அதிகாரி ஒருவரின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு இதை இன்னும் தெளிவாக்கியது. ஒருவரது நடத்தைக்கு மனநோயும் ஒரு காரணமாக இருக்கையில் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுப்பது மறைமுகமான பாரபட்சம் என்றது. துப்பாக்கி தொடாத வேலையில் அவரை வைக்கலாம். சம்பளத்தைக் குறைக்கக் கூடாது என்றது. துப்பாக்கி ஏந்தும் படைக்கே இந்த விதி என்றால், பைல் தூக்கும் ஆபீஸுக்கு ஏன் ஆகாது?

இதற்கெல்லாம் வேண்டியது ஒரு சர்ட்டிபிகேட். சர்க்கார் ஆஸ்பத்திரி மருத்துவக் குழு, அதற்கென்று வகுத்த அளவுகோலின்படி, 40 சதவிகிதம் அல்லது அதற்கு மேல் என்று எழுதித் தரவேண்டும். சலுகைகளுக்கு அதுவே வாசல். வெட்கப்பட்டுக்கொண்டு அதை வாங்காமல் இருப்பவர்கள், சாதாரணக் காய்ச்சல் என்று மெடிக்கல் லீவு போட்டு நாளை ஓட்டுகிறார்கள். லீவு தீர்ந்ததும் கையில் ஒன்றும் இருப்பதில்லை. கவனித்துக்கொள்ளும் வீட்டாருக்குச் சர்க்கார் தரும் லீவும் குறைவு. ஊனமுற்ற பிள்ளையின் பொருட்டுப் பெண் ஊழியர்களுக்கும், மனைவியற்ற ஆண்களுக்கும் பிள்ளைப் பராமரிப்பு லீவு வயது வரம்பின்றிக் கிடைக்கிறது. நோயுற்ற கணவனையோ மனைவியையோ தாயாரையோ பார்த்துக்கொள்ள அப்படித் தனியாக ஒரு லீவு கிடையாது.

ஓய்வை நெருங்கும் தகப்பனார்களைப் பாதிக்கும் விஷயம் ஒன்று மிச்சம். பழைய பென்ஷன் திட்டத்தில் உள்ள மத்திய சர்க்கார், ரயில்வே ஊழியர்களின் பிள்ளைகளில், மனநோயால் பிழைப்பு தேட முடியாதவருக்கு 25 வயதுக்குப் பிறகும் ஆயுள் முழுவதும் குடும்ப பென்ஷன் உண்டு. இதற்கான வருமான வரம்பும் 2021-ல் தளர்த்தப்பட்டது. தகப்பனார் உயிரோடு இருக்கும்போதே மருத்துவச் சான்றுடன் விண்ணப்பித்துப் பிள்ளையின் பெயரைப் பென்ஷன் உத்தரவில் ஏற்றிவிடலாம். ஆபீஸ் குடும்ப விவரப் படிவத்தில் நோய் என்ற பத்தியை மட்டும் காலியாக விட்டவர்களின் வீடுகளில், பெற்றோர் காலமான பிறகு, நாற்பது வயதுத் தம்பியைக் கையைப் பிடித்து மருத்துவக் குழுவின் முன் நிறுத்தி, "இவனுக்கு அப்போதே இருந்தது" என்று நிரூபிக்க அண்ணன்மார் அலைகிறார்கள்.