அனுபவம் என்று எதைச் சொல்கிறீர்கள்?

மின்சாரச் சட்டம் 2003-ஐ ஒரு பெண் உட்கார்ந்து படிக்கிறாள் என்றாலே பலருக்குச் சிரிப்பு வருகிறது. நான் படித்தேன். மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் தலைவரும் உறுப்பினர்களும் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்று அதன் 84ஆம் பிரிவு சொல்கிறது. திறமையும் நேர்மையும் மதிப்பும் உள்ளவர்கள். பொறியியல், நிதி, வணிகம், பொருளாதாரம், சட்டம், நிர்வாகம் சார்ந்த சிக்கல்களைக் கையாளும் அறிவும், கையாண்டு காட்டிய ஆற்றலும் உள்ளவர்கள். மோசமான வாசகம் இல்லை. ‘ஓய்வுபெற்ற அதிகாரி’ என்ற சொல் இந்தத் தகுதிப் பட்டியலில் கிடையாது. ‘ஆண்’ என்ற சொல்லும் கிடையாது.

ஆனால் இரண்டையும் சேர்த்தே படித்துக்கொள்கிறார்கள்.

இந்த ஆணையம் சின்ன விஷயம் அல்ல. நம் வீட்டுக்கு வரும் கரண்டுக்கு யூனிட் எவ்வளவு என்று கடைசியில் முடிவு செய்வது இதுதான். தலைவரையும் சேர்த்து அதிகபட்சம் மூன்று பேர். அவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவிலும் மூன்று பேர்: உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஒருவர், மாநிலத்தின் தலைமைச் செயலாளர், மத்திய அளவிலான இரண்டு மின்சார அமைப்புகளில் ஒன்றின் தலைவர். காலியிடம் ஒன்றுக்கு இரண்டு பெயர்களை எழுதி இவர்கள் அரசிடம் கொடுப்பார்கள். பெரிய நாற்காலியில் இருந்தவர்கள், பெரிய நாற்காலியில் இருந்த வேறு சிலரைத் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள். தேட அதிக தூரம் போக வேண்டியதில்லை.

மத்திய ஆணையத்தைப் பாருங்கள். 1998-இல் அமைந்த அதற்கு முதல் தலைவர் எஸ்.எல். ராவ், ஒரு பொருளாதார அறிஞர். ஆட்சிப் பணிக்கு வெளியிலிருந்தும் ஆள் எடுக்க முடியும் என்பதற்கு அவரே சான்று. அதன்பின் தலைவர்களாக நியமிக்கப்பட்டவர்கள் வரிசையாக ஐ.ஏ.எஸ். அதிகாரிகள். மத்திய மின்துறைச் செயலாளராக இருந்தவரே 2018-இல் ஆணையத் தலைவரானதும் நடந்திருக்கிறது. அவர்கள் கெட்டிக்காரர்களா, நேர்மையானவர்களா என்பது என் பேச்சு அல்ல. இத்தனை ஆண்டுகளில் அந்த வரிசையில் ஒரு பெண்கூட இல்லை. மின்சாரத்துக்கென்று 1992-இல் தனி அமைச்சகம் வந்த பிறகு அதன் முழுப் பொறுப்பிலும் ஒரு பெண் அமர்ந்ததில்லை. ஜெயவந்திபென் மேத்தா போன்றவர்கள் இணை அமைச்சர்களாகத்தான் இருந்தார்கள்.

கேட்டால் பழைய பாட்டு: பெண்களை வேண்டாம் என்று யார் சொன்னது, தகுதியும் அனுபவமும் உள்ளவர்கள் கிடைக்க வேண்டாமா? ‘தகுதி, திறமை’ என்ற இந்த இரட்டைச் சொல்லைத் தமிழ்நாட்டில் நாம் நூறு வருடமாகக் கேட்டு வருகிறோம். அது யாரை வெளியே நிறுத்த வந்த சொல் என்று நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மின் நிலையத்தில் வேலை பார்த்த அனுபவம் பெண்களுக்கு ஏன் குறைவு? 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், மாலை 7 மணி முதல் காலை 6 மணி வரை பெண்கள் தொழிற்சாலையில் வேலை செய்யக் கூடாது என்றது. மின்சாரம் தயாரிக்கும் இடமும் அந்தச் சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைதான். இரவில் ஓடாத மின் நிலையம் எங்கே இருக்கிறது? ஷிப்ட் பார்த்துத்தானே அங்கே தொழில் கற்றுக்கொள்ள முடியும்? 2000-ஆம் ஆண்டு டிசம்பரில்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடை அரசியலமைப்புக்கு விரோதமானது என்றது. ஐம்பது வருடம் கதவைச் சாத்தி வைத்துவிட்டு, உள்ளே இருந்த அனுபவம் உனக்கு உண்டா என்று கேட்கிறார்கள்.

ஆள் இல்லாமலும் இல்லை. பதினெட்டு வயதில் கைம்பெண்ணாகி, நான்கு மாதக் குழந்தையோடு நின்ற அ. லலிதா, கிண்டிப் பொறியியல் கல்லூரியில் சேர்ந்து 1940களிலேயே மின் பொறியாளரானார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின்தொடர் வடிவமைப்பில் அவருடைய உழைப்பு இருக்கிறது. அவரை ‘முதல் பெண் மின் பொறியாளர்’ என்று மகளிர் தினக் கட்டுரைகளில் மட்டும் நினைவுகூர்வது நமக்குப் பழகிவிட்டது. லலிதாவுக்குப் பின் தலைமுறை தலைமுறையாகப் பொறியியல் படித்து வந்த பெண்கள் எந்த மேசைக்கு அனுப்பப்பட்டார்கள், எந்தப் பதவி உயர்வோடு நிறுத்தப்பட்டார்கள் என்ற கேள்வி அந்தக் கட்டுரைகளில் வருவதில்லை.

ஆண்களின் அனுபவத்தை எப்படி எடைபோடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம். 2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவின் மின் தொகுப்பு அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்தது. இரண்டாவது நாள் அறுபது கோடிக்கும் மேலான மக்கள் வாழும் பகுதி இருண்டது. அன்றைக்கே மின்துறை அமைச்சர் சுஷில்குமார் ஷிண்டே உள்துறை அமைச்சரானார். ஒரு பெண் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அடுத்த முப்பது வருடத்துக்கு இந்தப் பேச்சை எடுக்கவே விட்டிருக்க மாட்டார்கள்.

சரி, அனுபவத்துக்கு வருவோம். 2012-இல் தமிழ்நாட்டின் கிராமங்களிலும் சிற்றூர்களிலும் ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லாத காலம் நினைவிருக்கிறதா? இரவு இரண்டு மணிக்குக் கரண்ட் வந்தால் எழுந்து மாவு ஆட்டியது யார்? மோட்டார் போட்டு டேங்க் நிரப்புவதா, மிக்ஸி ஓட்டுவதா, குழந்தை தூங்க மின்விசிறி சுற்ற விடுவதா என்று, கிடைக்கும் ஒரு மணி நேரத்தைப் பங்கு போட்டது யார்? இதையே ஓர் அதிகாரி கோப்பில் எழுதினால் ‘மின்பளு மேலாண்மை’. நாம் செய்தால் வீட்டு வேலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு இப்போது வந்திருக்கும் விதியைப் படியுங்கள். 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது. நேரத்துக்கு ஏற்ற கட்டணம் என்று அதற்குப் பெயர். வெயில் உள்ள பகல் நேரத்தில் கட்டணம் குறைவு, உச்ச நேரத்தில் அதிகம். விவசாயம் தவிர மற்றவர்களுக்கு 2025 ஏப்ரலுக்குள் என்றும், வீட்டில் ஸ்மார்ட் மீட்டர் வைத்த பிறகே என்றும் சொல்கிறது. சூரிய மின்சாரம் மலிவாகக் கிடைக்கும்போது பயன்படுத்துங்கள் என்பது நல்ல யோசனைதான். ஆனால் உச்ச நேரம் என்பது எது? விடிந்து சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் நேரமும், விளக்கு வைத்து இரவுச் சோறு ஆகும் நேரமும். வேலைக்குப் போகும் பெண் பகல் பன்னிரண்டு மணிக்கு வந்து வாஷிங் மெஷினைப் போடுவாளா? வீட்டில் இருக்கும் பெண் துவைப்பது, அரைப்பது, இஸ்திரி போடுவது எல்லாவற்றையும் பகலுக்கு மாற்றினால் மிச்சமாகும் பணம் ரசீதில் தெரியும். மாறிப்போன அவள் பகல் எந்த ரசீதிலும் தெரியாது.

உச்ச நேரம் எந்த மணி முதல் எந்த மணி வரை என்பதை ஆணையத்தில் உள்ள அந்த மூன்று பேர்தான் முடிவு செய்யப் போகிறார்கள். தேர்வுக் குழுவில் நான் இருந்தால் வேட்பாளரிடம் முதலில் இதைத்தான் கேட்பேன்: உங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு என்னென்ன ஓடுகிறது, யார் ஓட்டுகிறார்? முப்பது வருடம் மின்துறைக் கோப்பு பார்த்தவர் இதற்கு மனைவியைப் பார்த்துத் திரும்புவார் என்றால் அவருடைய அறிவு ‘போதிய அறிவு’ ஆகாது. பெண் வேட்பாளருக்கும் இதே கேள்விதான். சமையலுக்கு ஆள் வைத்துக்கொண்டு, அதே கோப்பை அதே கண்ணால் பார்த்து வந்த ஒரு பெண் அதிகாரியைக் கொண்டுவந்து உட்கார வைத்து, கணக்குத் தீர்ந்தது என்று சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இது விபரீதமான கோரிக்கை என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். ஆணையத்தில் சட்டம் தெரிந்த ஒருவராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று 2018 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதுவரை பல மாநிலங்கள் அப்படி ஒருவர் இல்லாமலே ஓட்டி வந்தன. தீர்ப்புச் சொல்லும் இடத்தில் சட்டம் தெரிந்தவர் வேண்டும் என்ற நியாயம் எல்லோருக்கும் புரிந்தது. வீட்டுக்கு வீடு கட்டணம் போடும் இடத்தில் வீடு தெரிந்தவர் வேண்டும் என்பது மட்டும் ஏன் புரியவில்லை?

நான் கேட்பதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டாம். விண்ணப்பித்தவர்கள் யார் யார், எத்தனை பெண்கள், குழு எழுதிக் கொடுத்த இரண்டு பெயர்கள் எவை, எதை வைத்து அவர்களை எடைபோட்டார்கள் என்பதை வெளியிடட்டும். ‘நிர்வாகம்’ என்ற சொல்லுக்குள் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பை நடத்தியவரும், நுகர்வோர் வழக்குகளை ஆண்டுக்கணக்கில் வாதாடியவரும் வருவார்களா என்று எழுத்தில் சொல்லட்டும். ஓர் உறுப்பினரின் பதவிக்காலம் முடிவதற்கு ஆறு மாதம் முன்பே அரசு தேர்வுக் குழுவிடம் விஷயத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று 85ஆம் பிரிவு சொல்கிறது. விளம்பரம் எந்தப் பத்திரிகையில், எந்த மூலையில் வருகிறது என்று இனி நாமும் பார்த்துக்கொண்டிருப்போம், விண்ணப்பமும் போடுவோம்.