கட்சிகள் ஏன் வீழ்கின்றன?

அரசியற் கட்சி எதுவும் சாகாவரம் பெற்று வந்ததன்று. ஒரு காலத்தில் நாட்டையே ஆட்டிப் படைத்த கட்சிகள் பின்னர் பெயரளவில் எஞ்சி நிற்பதையும், அப்பெயருமின்றி மறைந்தொழிவதையும் உலக சரித்திரம் காட்டுகின்றது. இதற்கு எதிரிகளின் சூழ்ச்சியே காரணமென்பது தோற்ற தலைவர்கள் கூறும் வழக்கமான சமாதானம். அதனை நாம் ஏற்கோம். மக்கள் எதற்காகத் தன்னை நம்பினரோ அதற்கு உதவாது போன கட்சியே வீழ்கின்றது என்பது எமது துணிபு.

அமெரிக்காவின் விக் கட்சி 1840இலும் 1848இலும் ஜனாதிபதித் தேர்தலில் வெற்றி கண்டது. ஆயினும் அடிமை முறை என்னும் பெரும் பிரச்சினை எழுந்தபோது, வடபகுதியாரையும் தென்பகுதியாரையும் ஒருங்கே திருப்திப்படுத்த எண்ணித் தெளிவான பதில் கூறாது தடுமாறிற்று. 1854ஆம் ஆண்டின் கான்சாஸ்-நெபிராஸ்காச் சட்டம் புதிய பிரதேசங்களில் அடிமை முறைக்கு வழி திறந்தபோது அக்கட்சி பிளவுண்டு சிதறியது. அடிமை முறை பரவுவதை எதிர்த்து அதே ஆண்டிற் பிறந்த குடியரசுக் கட்சியோ, 1860இல் ஆபிரகாம் லிங்கனை ஜனாதிபதியாகத் தெரிவு செய்வித்தது.

பிரித்தானியாவில் 1906இல் ஏறத்தாழ 400 ஆசனங்களைக் கைப்பற்றியது லிபரல் கட்சி. முதியோருக்கு உதவிப் பணம் வழங்கியதும், 1911இல் பிரபுக்கள் சபையின் அதிகாரத்தைக் குறைத்ததும் அக்கட்சியே. ஆனால், 1916இல் அஸ்குவித் பதவி துறக்க நேர்ந்து, லோயிட் ஜோர்ஜ் பிரதமரானார். இருவரும் பகை பாராட்டினர், கட்சி இரண்டுபட்டது. எல்லை வேலிக்காக வழக்காடிய சகோதரர், வழக்கு முடியுமுன் வளவையே இழந்த கதையாயிற்று. 1906இல் 29 ஆசனங்களே பெற்றிருந்த தொழிற் கட்சி 1924இல் முதன்முறையாக ஆட்சி அமைத்தது. அவ்வாண்டின் இறுதியில் லிபரல் கட்சிக்குக் கிடைத்தவை 40 ஆசனங்களே.

தூர தேசத்துக் கதைகள் இருக்கட்டும். 1935இல் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் வரலாறு நம் கண்முன் நிகழ்ந்தது. 1956இல் தனிச் சிங்களச் சட்டத்தை அது துணிந்து எதிர்த்தது. ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகுமென எச்சரித்தவர் கொல்வின் ஆர். டி சில்வா. அக்கட்சியே 1964இல் மந்திரி பதவிகளை ஏற்றது. 1966இல் தமிழ் மொழி ஒழுங்குவிதிகளை எதிர்த்தோருடன் சேர்ந்து நின்றது. 1972இல், சிங்களத்தின் தனியுரிமையை உறுதிப்படுத்தி, சிறுபான்மையோருக்கிருந்த 29ஆம் பிரிவையும் கைவிட்ட அரசியலமைப்பைத் தயாரித்த மந்திரியும் அதே கொல்வின் அவர்களே! 1970இல் 19 ஆசனங்கள் பெற்ற கட்சி, 1977இல் ஓர் ஆசனமும் பெறவில்லை. தேர்தல் முறை அந்த இழப்பைப் பெருப்பித்திருக்கலாம். ஆனால் கொள்கையைப் பதவிக்கு ஈடு வைத்தது தேர்தல் முறையன்று.

தமிழர் கட்சிகளும் இவ்விதிக்குப் புறம்பானவையல்ல. தமிழ்க் காங்கிரஸ் 1948இல் அரசாங்கத்திற் சேர்ந்தது. மலையகத் தமிழரின் பிரஜாவுரிமை பறிபோன வேளையில் அப்பாதை தகாதென மறுத்தோர் 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினர். 1956இல் மக்கள் தீர்ப்பு, தமிழரசுக் கட்சிக்கு 10 ஆசனங்கள், காங்கிரஸுக்கு ஒன்று. அன்று அளந்த அதே கோல் இன்று எல்லாத் தமிழ்க் கட்சிகளையும் அளக்கும்.

வயலில் இறங்கும் உழவரும், அலுவலகத்திலும் நீதிமன்றத்திலும் கடமையாற்றும் கற்றோரும் உணரவேண்டியது ஒன்றுண்டு. கட்சிக்காக மக்கள் இல்லை, மக்களுக்காகவே கட்சி. பழைய பெருமையையும் சின்னத்தையும் காட்டி வாக்குக் கேட்போரிடம், எம் நிலத்துக்கும் மொழிக்கும் தொழிலுக்கும் நீர் கடந்த முறை செய்தது யாதெனக் கேளுங்கள். அக்கேள்வியைத் தாங்கும் கட்சி வாழட்டும். தாங்காத கட்சிக்காகக் கண்ணீர் சிந்துதல் வேண்டா.