பேர் வைத்தாச்சு, பிள்ளை எங்கே?

என் அண்ணன் மகள் வலைப்பூ தொடங்கப் போவதாகச் சொல்லி நாலு மாதம் ஆகிறது. பெட்டாலிங் ஜெயாவில் ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தவள் மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். மேலே அழகான சின்னம். பின்னணியில் இளம்பச்சை. 'என்னைப் பற்றி' பக்கத்தில் சிரித்த முகமாக ஒரு படம். வலைப்பூவின் பெயரை மட்டும் மூன்று முறை மாற்றியிருக்கிறாளாம். எல்லாம் இருக்கிறது, பதிவு ஒன்றுகூட இல்லை.

"பேர் வைத்தாச்சு, பிள்ளை எங்கே?" என்று கேட்டேன்.

"அதான் சித்தப்பா, எதப் பத்தி எழுதுறதுன்னே தெரியல."

பட்டியல் ஒன்று போட்டு வைத்திருந்தாள். பயணம், சமையல், தன்முனைப்பு, புத்தக அறிமுகம். எல்லாம் நல்ல தலைப்புகள்தாம். ஆனால் பாலித் தீவில் என்ன பார்க்கலாம் என்று தேடுகிறவருக்கு இவள் பதிவு கண்ணில் படுவதற்கு முன் ஆயிரம் பதிவுகள் வரிசையில் நிற்கும். இவள் அங்கே போனது மூன்று நாள். அதில் ஒரு நாள் வயிற்றுப்போக்கு. அந்த ஒரு நாளைப் பற்றி எழுதினால் நான் படிப்பேன் என்றேன். முறைத்தாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் கைத்தொலைபேசி அடித்தது. காஜாங் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் ஒருவர், அவர்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர். வாசலில் நின்றபடி இருபது நிமிடம் பேசினாள். எனக்கு உள்ளே கேட்டது. நல்ல, தெளிவான, பொறுமையான தமிழ். ஒரு விஷயத்தை மூன்று விதமாகச் சொல்லிப் பார்க்கிறாள், எதிர்முனையில் புரிந்ததும் சிரிக்கிறாள். திரும்பி வந்து, "ஞாயித்துக்கெழமகூட விடமாட்டேங்குறாங்க சித்தப்பா. இந்த மாசத்துல இதே கேள்விய கேக்குற நாலாவது ஆளு இவரு" என்று அலுத்துக்கொண்டாள்.

என்ன கேள்வி என்று விசாரித்தேன். ரசீதுதான்.

அந்தக் கடைக்காரர் ரசீதுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, கடையில் குளிர்பதனப் பெட்டிக்கு மேலே வைத்திருந்தாராம். கணக்குப் பார்க்க டின்னைத் திறந்தபோது பாதி வெறும் வெள்ளைத்தாள். பெட்ரோல் நிலையத்திலும் பேரங்காடியிலும் தருகிற வழவழப்பான ரசீது மை தொட்டு அச்சடித்ததல்ல. சூடுபட்ட இடம் கறுக்கிற காகிதம் அது. வெயிலிலோ இயந்திரச் சூட்டிலோ கிடந்தால் சில மாதங்களில் எழுத்து மங்கிப் போகும். நம் நாட்டில் வருமான வரிக்கான ஆவணங்களை 7 ஆண்டு பத்திரப்படுத்த வேண்டும். வெள்ளைத்தாளைக் காட்டி, இது சரக்கு வாங்கிய செலவு என்று யாரிடம் சொல்வது? வாங்கிய அன்றே படம் எடுங்கள், மாதவாரியாகப் போட்டு வையுங்கள், படம் எடுத்தாகிவிட்டது என்று மூலத்தைத் தூக்கி எறியாதீர்கள் என்று இவள் சொல்லிக்கொண்டே இருக்கிறாள். போதாக்குறைக்கு இ-இன்வாய்ஸ் வேறு வந்துவிட்டது. 2024 ஆகஸ்டில், ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேல் போகும் நிறுவனங்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்திருக்கிறது. நமக்கு எப்போது, நமக்கு உண்டா இல்லையா என்று கடைக்காரர்கள் கவலையில் இருக்கிறார்கள்.

"இதைத் தமிழில் யாராவது எழுதி வைத்திருக்கிறார்களா, தேடிப் பார்" என்றேன்.

தேடினாள். மலாயிலும் ஆங்கிலத்திலும் வந்தது. தமிழில் தட்டியதற்கு வந்ததெல்லாம் இந்தியாவின் ஜிஎஸ்டி.

"இப்ப நீ வாசல்ல நின்னு இருபது நிமிஷம் பேசுனியே, அதுதான் உன் முதல் பதிவு" என்றேன். "போங்க சித்தப்பா, இதையெல்லாம் யார் படிப்பாங்க?" என்றாள். இந்த மாதம் மட்டும் நாலு பேர் தொலைபேசியிலேயே கேட்டிருக்கிறார்கள். புதிதாக எழுத வருகிறவருக்கு நாலு வாசகர் தொடக்கத்திலேயே கிடைப்பது சின்ன விஷயமா?

எனக்குத் தெரிந்த ஒரே வழி இதுதான். வீட்டிலும் வேலையிடத்திலும் உங்களிடம் மறுபடி மறுபடி என்ன கேட்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துக் குறித்து வையுங்கள். தாதியாக இருப்பவரிடம் பக்கத்து வீட்டு அக்கா நீரிழிவு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று கேட்பார். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்த மகனைப் புகுமுக வகுப்பில் போடுவதா, நேரே முதலாம் படிவத்துக்கு அனுப்புவதா என்று குழம்பித் தெளிந்த அம்மாவிடம் அடுத்த ஆண்டு நாலு அம்மாக்கள் வருவார்கள். சிங்கப்பூரில் வீவக வீட்டுக்கு விண்ணப்பித்து, இரண்டு முறை கைநழுவி, மூன்றாம் முறை சாவி வாங்கிய இளம் தம்பதிக்குச் சொல்ல எவ்வளவோ இருக்கும். இவர்கள் யாரும் தம்மை எழுத்தாளர் என்று நினைப்பதில்லை. நல்லதுதான். நினைக்கத் தொடங்கினால் 'கதிரவன் தன் பொற்கரங்களை நீட்டி' என்று ஆரம்பித்துவிடுவார்கள்.

ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். வேலையிடத்து விஷயத்தை எழுதுவதென்றால் முதலில் மேலாளரிடம் சொல்லிவிடுங்கள். வாடிக்கையாளர் யாரென்று அடையாளம் தெரியக்கூடாது. நான்கூட இங்கே கடைக்காரரின் ஊரை மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். பிள்ளைகளின் படம் போடுகிறவர்கள் பள்ளிச் சீருடையும் வீட்டு எண்ணும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாட்டியின் படமென்றால் பாட்டியிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாட்டிகளுக்கும் வேண்டாம் என்று சொல்ல உரிமை உண்டு.

கருவிகளைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. பிளாகர் 1999-இல் வந்தது, 2003-இல் கூகல் வாங்கியது. அதே 2003-இல் வேர்ட்பிரஸ் வந்தது. இரண்டிலும் இலவசமாகத் தொடங்கலாம். எது நல்லது என்று ஒரு மாதம் ஆராய்கிறவர் இரண்டிலும் எழுதப் போவதில்லை. தமிழில் தட்டுவது சிரமம் என்ற சாக்கும் இன்று செல்லாது. 1995-லேயே சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி தமிழ்க் கவிதைகளை இணையத்தில் ஏற்றிக் காட்டினார். நம் முத்து நெடுமாறன் 1985-இலேயே முரசு மென்பொருளை உருவாக்கியவர், இன்று அவருடைய செல்லினம் கைத்தொலைபேசியில் இருக்கிறது. தமிழ் இணையத்துக்குப் பாதை போட்டவர்களில் நம் பக்கத்து ஆட்கள் முன்வரிசையில் இருக்கும்போது, நாம் மட்டும் 'வணக்கம்' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துக்கொண்டிருக்கிறோம். விரல் வரவில்லையா, வாயால் சொல்லுங்கள். கூகலின் குரல் உள்ளீட்டில் தமிழ் (மலேசியா), தமிழ் (சிங்கப்பூர்) என்று தனித்தனியாகவே உண்டு. என் அண்ணன் மகளுக்கு இதுதான் பொருந்தியது. எழுத உட்கார்ந்தால் 'இதன் அடிப்படையில்', 'மேற்குறிப்பிட்ட' என்று அலுவலகக் கடிதம்போல் வருகிறது. பேசினால் வாசலில் கேட்ட அதே தமிழ் வருகிறது. பேசி, பிறகு திருத்துகிறாள்.

வருமானம் வருமா என்று அவளும் கேட்டாள், எல்லாரும் கேட்பார்கள். தமிழ்ப் பக்கங்களுக்குக் கூகலின் ஆட்சென்ஸ் விளம்பரம் 2018 பிப்ரவரியில்தான் திறந்துவிடப்பட்டது. கணக்கில் 100 அமெரிக்க டாலர் சேர்ந்தால்தான் பணம் கைக்கு வரும். அதை நம்பி யாரும் வீட்டுக்கடன் எடுக்க வேண்டாம்.

இவ்வளவு உபதேசம் செய்கிற நான் என்ன கிழித்தேன் என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2005-இல் நானும் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். தமிழ்மணம் என்ற திரட்டி வந்து ஓராண்டுதான் ஆகியிருந்தது. அதில் நம் பதிவின் தலைப்பு வரும்போது ஏற்படும் பரவசம் இருக்கிறதே, அலுவலகத்தில் மேலதிகாரி முதுகைத் திருப்பும் வரை காத்திருந்து பார்ப்பேன். மொத்தம் பதினொரு பதிவுகள். பத்து குப்பை, நாட்டு நடப்பைப் பற்றி ஆவேசம். பதினொன்றாவது எங்கள் தோட்டத்தைப் பற்றியது.

பத்தாங் பெர்ஜுந்தை பக்கம். இப்போது ஊருக்கே பெஸ்தாரி ஜெயா என்று பெயர். அப்பா அங்கே பால்மரம் வெட்டியவர். ஒரு தீபாவளிக்கு மறுநாள் அவரை உட்கார வைத்து, எங்கள் லயத்தில் முதல் வீட்டிலிருந்து இருபத்து நாலாவது வீடு வரை யார் யார் இருந்தார்கள் என்று சொல்லச் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டு, பெரட்டுக்குப் பேர் கூப்பிடுவதுபோல வரிசையாகச் சொன்னார். இன்ன வீட்டில் இன்னார், அவருக்கு எத்தனை பிள்ளைகள், எந்த மகள் எந்தத் தோட்டத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள், யார் வீட்டு வாசலில் முருங்கை இருந்தது, யார் யாரோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். அப்படியே தட்டிப் போட்டேன், அலங்காரம் ஒன்றுமில்லை. இரண்டு மாதம் கழித்து ஜொகூரிலிருந்து முன்பின் தெரியாத ஒருவர் மின்னஞ்சல் அனுப்பினார். பதினான்காம் வீடு அவருடைய பாட்டி வீடாம். பாட்டிக்கு ஒரு தங்கை இருந்ததே குடும்பத்தில் யாருக்கும் தெரியாதாம்.

அதற்குப் பிறகு நான் எழுதவில்லை. வேலை, கல்யாணம், சோம்பல். நான் வைத்திருந்த இலவசத் தளம் ஒருநாள் கடையை மூடியது. முன்கூட்டியே அறிவிப்பு அனுப்பியிருக்கிறார்கள், நான் பயன்படுத்தாமல் விட்ட பழைய மின்னஞ்சலுக்கு. யாரைக் குறை சொல்ல? பிரதி எடுக்காதவன் நான். அப்பா 2011-இல் போய்விட்டார். தோட்டத்தை அதற்கு முன்பே செம்பனைக்கு மாற்றிவிட்டார்கள். லயம் இருந்த இடத்தை என்னால் இப்போது அடையாளம் காட்ட முடியாது.

அதனால்தான் அவளிடம் சின்னத்தை விட்டுவிட்டு இதைக் கற்றுக்கொள் என்றேன். எழுதுவதை முதலில் உன் கணினியில் எழுதிச் சேமி, பிறகு தளத்தில் ஏற்று. பிளாகரிலும் வேர்ட்பிரஸ்ஸிலும் மொத்தப் பதிவுகளையும் ஒரே கோப்பாக இறக்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. மாதம் ஒருமுறை செய். இண்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இணையக் காப்பகத்தின் வேபேக் மெஷினில் உன் பதிவின் முகவரியைக் கொடுத்தால் அது ஒரு பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளும். சிங்கப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. 2019 முதல் .sg என்று முடியும் தளங்களைத் தேசிய நூலக வாரியமே சேகரித்துக் காக்கிறது. கூகல் கணக்கைத் திறக்காமல் இரண்டு ஆண்டு போட்டுவிட்டால் அதை அவர்கள் நீக்கலாம் என்பது 2023 டிசம்பரிலிருந்து நடைமுறை. யாஹூ குழுமங்கள் 2020-இல் மூடப்பட்டபோது தமிழர்கள் பல ஆண்டுகளாகப் பேசிச் சேர்த்தவையும் அதோடு போயின. என் இருபத்து நாலு வீடு அந்தக் கணக்கில் ஒரு தூசி.

புதன்கிழமை இரவு பதினொரு மணிக்குப் புலனத்தில் இணைப்பு அனுப்பினாள். 'ரசீது ஏன் வெள்ளையாகிறது?' என்று தலைப்பு. நானூறு சொல் இருக்கும். ஒற்றுப்பிழை ஐந்து. காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். காலையில் பார்த்தால், வேறு ஊரில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் ஒருவருக்கு அதற்குள் யாரோ அனுப்பிவைத்து, அவர் இவளுக்குக் கேள்வி அனுப்பியிருந்தார்: கடன் அட்டையில் வாங்கியதற்கு வங்கி அறிக்கை போதுமா, ரசீதும் வேண்டுமா? இரண்டாம் பதிவு தானாக வந்துவிட்டது. இளம்பச்சை பின்னணியை எடுத்துவிட்டாள், கைத்தொலைபேசியில் எழுத்து தெரியவில்லையாம்.

நானும் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கியிருக்கிறேன். எனக்கு ஞாபகம் இருப்பது ஏழு வீடு. அண்ணனுக்கு என்னைவிட ஆறு வயது கூடுதல். தொலைபேசியில் கூப்பிட்டுக் கேட்டதில் இன்னும் ஒன்பது சேர்ந்தது. முருங்கை மரம் நின்றது பன்னிரண்டாம் வீட்டு வாசல் என்கிறார் அவர். பதின்மூன்று என்கிறேன் நான். வழக்கு இன்னும் தீரவில்லை.