தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமம்

தமிழ்நாட்டு நர்சிங் கல்லூரியில் ஆய்வேட்டுக்குத் தலைப்பு வைப்பது கடினமான வேலை இல்லை. அச்சு தயாராக இருக்கிறது. ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமத்தில், தாய்மாரிடையே, இன்ன நோய் பற்றிய அறிவின் மேல், திட்டமிட்ட கற்பித்தல் நிகழ்ச்சியின் பயனை மதிப்பிடும் ஓர் ஆய்வு.’ ஆண்டுக்காண்டு நோயின் பெயரை மாற்றினால் போதும். ரத்தசோகை, தாய்ப்பால், மாதவிடாய்ச் சுகாதாரம், மார்பகச் சுயபரிசோதனை. ஒரு கேள்வித்தாள், பாடம் நடத்துமுன் ஒரு பரீட்சை, நடத்தியபின் ஒரு பரீட்சை, மதிப்பெண் கூடிவிட்டது என்று ஓர் அட்டவணை. டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் எம்.எஸ்சி. நர்சிங் ஆய்வேடுகளை ஒரு மாலைப்பொழுது புரட்டிப் பாருங்கள். இந்த அச்சில் வார்த்தவை வந்துகொண்டே இருக்கும்.

இந்தத் தலைப்புக்குள் இரண்டு காரியம் நடக்கிறது. ஊரின் பெயர் காணாமல் போகிறது. பெண், பரீட்சைக்கு உட்கார்த்தப்பட்ட மக்குப்பிள்ளையாகப் பதிவாகிறாள். இதெல்லாம் எழுத்துப் பழக்கம், இதற்குப் போய் ஒரு கட்டுரையா என்று கேட்பவர்கள் ஆய்வுத் தரவுத்தளம் ஒன்றின் உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஆய்வின் தலைப்பும் சுருக்கமும்தான் அதன் தலையெழுத்து. அதை எந்தச் சொல்லின் கீழ் அடுக்குவது, யார் தேடினால் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதெல்லாம் பெரும்பாலும் அங்கேயே முடிவாகிவிடுகிறது.

நூலகத் துறையில் ‘கட்டுப்படுத்தப்பட்ட சொற்தொகுதி’ என்று ஒன்று உண்டு. (கட்டுப்பாடு என்றதும் நமக்கு வேறு பலவும் நினைவுக்கு வரும். வரட்டும்.) படுக்கைப்புண் என்று ஒருத்தி எழுதுவாள், அழுத்தப்புண் என்று இன்னொருத்தி, டெக்யுபிட்டஸ் என்று லத்தீனில் ஒரு டாக்டர். மூன்றையும் ஒரே பொருள்தலைப்பின் கீழ்க் கொண்டுவந்துவிட்டால், தேடுகிறவள் யார் எந்தச் சொல்லைப் போட்டிருப்பார்கள் என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1960இல் வெளியிட்ட ‘மெஷ்’ இப்படி ஒரு பட்டியல்தான். நீங்கள் பப்மெட்டில் ஒரு சொல்லைத் தட்டும்போது திரைக்குப் பின்னால் வேலை செய்வது அது. நர்சிங்குக்கென்றே உள்ள ‘சினால்’ தளம் அதன் மாதிரியைப் பின்பற்றித் தன் தலைப்புகளை அமைத்து, நர்சிங்குக்கு வேண்டியவற்றைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறது.

சினாலின் கதையை நம் மாணவிகளுக்கு யாரும் சொல்வதில்லை. 1940களில் அமெரிக்காவில் எல்லா கிராண்டால், மில்ட்ரெட் கிராண்ட்பாய்ஸ், மாலி சிட்னர் என்ற மூன்று பெண்கள் நர்சிங் இதழ்களில் வந்த கட்டுரைகளை அட்டை அட்டையாக எழுதி அடுக்கத் தொடங்கினார்கள். 1961இல் அது அச்சு அட்டவணையாக வெளிவந்தது. 1980களில் கணினிக்கு ஏறியது. இன்னொரு பக்கம் வர்ஜீனியா ஹெண்டர்சன், யேல் பல்கலைக்கழகத்தில் இருந்துகொண்டு 1900 முதல் 1959 வரையிலான நர்சிங் ஆய்வு எழுத்துகளுக்கு நான்கு தொகுதிகளில் அட்டவணை செய்தார். டாக்டர் எழுதினால் அறிவு, நர்ஸ் எழுதினால் வேலைக்குறிப்பு என்று இருந்த காலத்தில், நர்ஸ் எழுதியதையும் ஒருத்தி தேடி எடுக்க வழி வேண்டும் என்று நினைத்த பெண்களின் உழைப்பு அது. 2003இல் சினால் எப்ஸ்கோ நிறுவனத்தின் கைக்குப் போனது. இன்று சந்தா கட்டினால்தான் கதவு திறக்கும். நம் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரிகளில் எத்தனை அதைக் கட்டும்? நான் நூலகம் பார்த்த ஒரு கல்லூரியில் கணினி அறையே இன்ஸ்பெக்‌ஷன் நாளில்தான் திறக்கும். மற்ற நாளெல்லாம் கீபோர்டுக்கு உறை போட்டிருக்கும். இந்திய நர்சிங் கவுன்சிலின் 2021 பாடத்திட்டத்தில் தகவல் தொழில்நுட்பம் ஒரு பாடமாக இருக்கிறது, மதிப்பெண்ணும் வந்துவிடுகிறது, பூட்டுக்கு மட்டும் சாவி வரவில்லை.

சரி, பப்மெட் இலவசம். அதற்குள்ளே போவோம். மெஷ் பட்டியலில் ‘ஃபிசிஷியன்ஸ், விமன்’ என்று ஒரு பொருள்தலைப்பு இருக்கிறது. ‘நர்சஸ், மேல்’ என்று இன்னொன்று இருக்கிறது. சும்மா டாக்டர் என்றால் ஆண், சும்மா நர்ஸ் என்றால் பெண், இதற்கு மாறாக யாராவது வந்தால் தனிப்பெட்டி. ‘விமன், ஒர்க்கிங்’ என்றும் ஒரு தலைப்பு உண்டு. வேலை செய்யும் ஆண்களுக்கு அப்படி ஒன்று இல்லை. ஆண் என்றாலே வேலை செய்கிறவன்தானே! அந்தத் தலைப்பின் விளக்கக் குறிப்பு இன்னும் மோசம். வருமானம் தரும் வேலையில், பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே, ஈடுபட்டிருக்கும் பெண்கள் என்று வரையறுக்கிறது. ரொம்பவும் அவர்களைத் திட்ட முடியாதபடி நம் மொழியும் இருக்கிறது. செவிலி என்றால் சங்கப் பாட்டில் வளர்ப்புத்தாய். சம்பளத்துக்கு வேலை பார்க்கும், படித்துப் பதிவு பெற்ற ஒரு தொழிலாளிக்கு நாம் தேடிப்பிடித்த பெயர் அது. தாய் எங்கேயாவது சம்பள உயர்வு கேட்பாளா?

இந்தத் தலைப்புகளை எதிர்த்துச் சண்டை போட்டவர்கள் உண்டு, ஜெயித்தும் இருக்கிறார்கள். சான்ஃபோர்ட் பெர்மன் என்ற நூலகர் 1971இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் பொருள்தலைப்புகளில் உள்ள இன, பால் பாரபட்சங்களை வரிசையாக எடுத்துப்போட்டு ஒரு புத்தகமே எழுதினார். ‘மருத்துவராகப் பெண்கள்’ என்ற பாணியில் இருந்த தலைப்புகள் பிறகு ‘பெண் மருத்துவர்கள்’ என்று மாறின. ஜோன் மார்ஷல் 1977இல் பாலினப் பாகுபாடு இல்லாத அட்டவணைக்கென்று ஒரு சொற்களஞ்சியம் தயாரித்தார். பட்டியலை மனிதர்கள் எழுதுகிறார்கள் என்பதால் மனிதர்களால் திருத்தவும் முடியும். மெஷ் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது. புதுத் தலைப்பு வேண்டும் என்று யாரும் பரிந்துரை அனுப்பலாம்.

பெயர் யாருக்குப் போகிறது என்பதைச் சங்கரன்கோவில்காரர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சங்கனும் பதுமனும் சிவன் பெரியவரா திருமால் பெரியவரா என்று சண்டை போட, ஒற்றைக்காலில் தவம் நின்றவள் கோமதி. இரண்டு பேரும் ஒருவரே என்று சங்கரநாராயணராகக் காட்சி கிடைத்தது அவளுடைய தவத்துக்கு. ஊரின் பெயரோ சங்கரன் பெயரில். அவளுக்கு ஆடித்தபசு பத்துப் பன்னிரண்டு நாள்.

இந்த ஊரின் பெண்களை பப்மெட்டில் தேடினால் என்ன ஆகும் என்று பாருங்கள். சங்கரன்கோவில் விசைத்தறி ஊர். தறி ஓட்டுகிறவர்களிலும் பெண்கள் உண்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தார் சுற்றுகிறவர்களோ பெரும்பாலும் பெண்கள். தறிக்கூடத்தில் காது அடைக்கும் சத்தம், மூக்கில் ஏறும் பஞ்சுத்தூசு, கழிப்பறை இல்லாததால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் வழக்கம், ‘நீர்க்கடுப்பு’ என்று சொல்லிக்கொண்டு நாட்டு மருந்தில் காலம் தள்ளுவது. இந்த வீடுகளில் ஒன்றிலிருந்து நர்சிங் படிக்க வந்த பெண் தன் அம்மாவின் நோயைப் பற்றி உலகம் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க நினைக்கிறாள் என்று வையுங்கள். விசைத்தறி என்ற சொல்லுக்கு மெஷ்ஷில் இடமில்லை. அவள் ‘டெக்ஸ்டைல் இண்டஸ்ட்ரி’ என்ற தலைப்பைப் பிடிக்க வேண்டும். பஞ்சுத்தூசு நோய்க்கு ‘பிசினோசிஸ்’, நீர்க்கடுப்புக்கு ‘யூரினரி டிராக்ட் இன்ஃபெக்‌ஷன்ஸ்’, கழிப்பறைக்கு ‘டாய்லட் ஃபெசிலிட்டீஸ்’. அம்மாவோ ‘விமன், ஒர்க்கிங்’ தலைப்பின் விளக்கத்தில் விளிம்பில் நிற்கிறாள், திண்ணையில் வேலை பார்ப்பதால். தமிழ்நாட்டுக்கென்று தனி இடத்தலைப்பு மெஷ்ஷில் இல்லை. இந்தியா என்பதோடு முடிந்தது.

அப்படியானால் சங்கரன்கோவில் எங்கே இருக்க முடியும்? கட்டுரையின் தலைப்புப் புலத்திலும் சுருக்கப் புலத்திலும் மட்டும்தான். அங்கேதான் நம்மவர்கள் ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு கிராமம்’ என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

புலம் என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் விஷயம் முழுக்க அதில் இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் பல பெட்டிகளாகப் பிரிந்திருக்கிறது: தலைப்பு, சுருக்கம், ஆசிரியர், ஆசிரியரின் நிறுவன முகவரி, இதழ், பொருள்தலைப்பு. எந்தப் பெட்டி என்று சொல்லாமல் ஊரின் பெயரைப் போட்டால் தளம் எல்லாப் பெட்டியையும் துழாவும். அந்த ஊரில் கல்லூரி வைத்திருக்கும் பேராசிரியர் எலியின் ஈரலைப் பற்றி எழுதியதும் முகவரியால் வந்து விழும். தலைப்பு, சுருக்கம் என்று புலத்தைக் குறுக்கினால்தான் அந்த ஊர் மனிதர்களைப் பற்றி எழுதியது வரும். ஊரின் பெயரை ஆங்கிலத்தில் கோவில் என்றும் கோயில் என்றும், ஒட்டியும் பிரித்தும் எழுதுகிறார்கள். அத்தனையையும் ‘அல்லது’ போட்டுக் கோத்துத் தேட வேண்டும், ஏனென்றால் இந்த இடத்தில் நமக்காகச் சொற்களைச் சேர்த்துவைக்க ஒரு பொருள்தலைப்பு இல்லை. பொருள்தலைப்பை மட்டும் நம்பித் தேடுவதும் ஆபத்து. புதிதாக வந்த கட்டுரைக்குத் தலைப்பு ஏறியிருக்காது. மெட்லைன் அட்டவணைக்குள் வராத சிறு இதழ்களின் கட்டுரைக்கு அது ஏறவே ஏறாது. இந்தியாவில் நர்சுகள் எழுதுவது பெரும்பாலும் அப்படிப்பட்ட இதழ்களில்தான். ஆகவே பொருள்தலைப்பால் ஒரு தேடல், சொந்தச் சொற்களால் தலைப்பிலும் சுருக்கத்திலும் ஒரு தேடல், இரண்டையும் ‘அல்லது’ போட்டு இணைப்பது. மேல்கிளைத் தலைப்பைப் பிடித்தால் கீழ்க்கிளைகளும் சேர்ந்து வரும் என்பதையும், நோயின் பெயரோடு ‘நர்சிங்’ என்ற துணைத்தலைப்பைச் சேர்க்கலாம் என்பதையும் ஓர் அரை நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம்.

இதைக் கற்ற மாணவிக்குத் தேடும்போதே ஒன்று உறைக்கும். நம் பெண்கள் உலகக் கிடங்கில் எந்தத் தலைப்பின் கீழ் அதிகம் கிடைக்கிறார்கள்? ‘ஹெல்த் நாலெட்ஜ், ஆட்டிட்யூட்ஸ், பிராக்டிஸ்.’ இவளுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறாள், என்ன செய்கிறாள். ரத்தம் ஏன் குறைந்தது என்று கேட்காமல், ரத்தசோகை என்றால் என்னவென்று தெரியுமா என்று கேட்கும் ஆய்வுகள் அங்கேதான் போய்ச் சேரும். தண்ணீர் குடிக்காத அம்மாவிடம் ‘தினமும் எத்தனை லிட்டர் குடிக்க வேண்டும்?’ என்று நான்கு விடை கொடுத்து ஒன்றில் டிக் அடிக்கச் சொன்னால், அவள் சரியாகவே அடிப்பாள். தெரியாமலா குடிக்காமல் இருக்கிறாள்? கழிப்பறை கட்டாத முதலாளிக்கு முன் தேர்வும் இல்லை, பின் தேர்வும் இல்லை.

கேட்கும் பெண்ணுக்கும் இதே கதிதான். நம் துணைச் சுகாதார நிலையங்களில் ஐயாயிரம் பேருக்கு ஒருத்தி என்ற கணக்கில் ஓடும் கிராம சுகாதார செவிலியர் என்ற பெயருக்கு மெஷ்ஷில் தலைப்பு கிடையாது. அவளைப் பற்றி எழுதினால் ‘கம்யூனிட்டி ஹெல்த் ஒர்க்கர்ஸ்’ என்பதில் போய் விழ வாய்ப்பு அதிகம். வெறுங்கால் மருத்துவர், குடும்பக் கட்டுப்பாட்டுப் பணியாளர் என்ற சொற்களையும் அதே தலைப்புக்குத்தான் திருப்பி விட்டிருக்கிறார்கள். பயிற்சி பெற்று, பதிவு எண் வாங்கி, பிரசவம் பார்த்தவள் அங்கே நர்சாகவே நிற்பதில்லை.

மறுப்பு இரண்டு வரும். ஊரின் பெயரை மறைப்பது ஆய்வு நெறி என்பார்கள் வழிகாட்டிகள். மறைக்க வேண்டியது தனி மனுஷியை, தேவைப்பட்டால் மருத்துவமனையை. ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரை மறைத்தால் காப்பாற்றப்படுவது யார்? தறிக்கூடத்தின் நிலைமைக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள்தான். இரண்டாவது, நர்சுக்குக் கைவேலை போதும், ஊசி போடத் தெரிந்தால் போதும், தேடல் எதற்கு என்பது. இதைப் பெரும்பாலும் சொல்பவர்கள் தங்கள் மகளுக்கு எம்.பி.பி.எஸ். சீட்டு தேடுபவர்கள். ‘டாக்டர் சொன்னார், செய்தேன்’ என்ற வாக்கியத்திலிருந்து நர்ஸ் வெளியே வர வேண்டுமென்றால், டாக்டர் சொன்னதற்கு ஆதாரம் இருக்கிறதா என்று தானே எடுத்துப் பார்க்கும் வழி அவள் கையில் இருக்க வேண்டும். செல்போனில் ஒரு வரி கேட்டால் ஒரு பதில் வருகிறது, உண்மைதான். எங்கிருந்து வந்தது, யாரை விட்டுவிட்டது என்று அது தானாக முன்வந்து சொல்வதில்லை.

2022 முதல் மெட்லைன் கட்டுரைகளுக்குப் பொருள்தலைப்பு ஏற்றும் வேலையைக் கணினி நிரலே செய்கிறது. அது முக்கியமாகப் படிப்பது தலைப்பையும் சுருக்கத்தையும்தான். அங்கே இல்லாததை அது ஊகித்து எழுதப் போவதில்லை. ஆய்வேடு பப்மெட்டுக்குப் போகாது என்பது சரி. அதிலிருந்து எழுதும் கட்டுரை போகலாம், ஆய்வேட்டையும் நாளைக்கு இன்னொருத்தி தலைப்பை வைத்துத்தான் தேடுவாள். எனவே அடுத்த ஆண்டு தலைப்பு ஒப்புதலுக்குப் போகும் மாணவி இப்படி எழுதிக்கொண்டு போகட்டும்: ‘சங்கரன்கோவில் விசைத்தறிக் கூடங்களில் கழிப்பறை வசதியும் பெண் தொழிலாளர்களின் சிறுநீர்த்தொற்றும்.’ சுருக்கத்தில் தார் சுற்றுதல் என்பதை ஆங்கில எழுத்தில் அப்படியே போட்டு, பக்கத்தில் விளக்கமும் தரட்டும். குறிச்சொற்களில் மாவட்டம் தென்காசி என்று சேர்க்கட்டும். 2019க்கு முந்தைய ஆய்வுகள் திருநெல்வேலி என்ற பெயரில் இருக்கும், தேடும்போது அதையும் மறக்க வேண்டாம். வழிகாட்டி சிவப்பு மையால் அடித்து, ‘தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஊர் என்று மாற்று’ என்றால், தேர்ந்தெடுத்தது யார் மேடம் என்று கேட்கட்டும்.