கிட்டாருக்கு இரு செவிகள்

நம் சிற்றாலயத்தில் கிட்டார் இனி வேண்டாம், கீபோர்டு ஒன்றே போதும் என்னும் பேச்சு பெற்றோர் சிலரிடையே எழுந்திருக்கிறது. அவர்கள் கூறும் காரணத்தை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. ஒலிபெருக்கி வழியே வரும் கிட்டார் ஒரு வாரம் தகரத்தைத் தட்டுவதுபோல் ஒலிக்கிறது. மறுவாரம் காணிக்கைப் பாடலின் நடுவே ‘ஊ’ என்று கூவுகிறது. செபிக்க வந்தவர்கள் காதைப் பொத்திக்கொள்ள நேரிடுகிறது. எனினும் இது கிட்டாரின் குற்றமன்று. அதை வாசிக்கும் மாணவியின் குற்றமுமன்று. அதன் ஒலியை நாம் வாங்கும் முறைதான் குறையுடையது என்பது என் கருத்து.

திருவழிபாட்டில் கிட்டாருக்கு இடமுண்டா என்று கேட்போருக்கு ஒரு சொல். 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் ஆர்கனுக்கு முதன்மை தந்து, தகுதியுடைய பிற கருவிகளுக்கும் கதவைத் திறந்தது. 1967-இல் உரோமை வெளியிட்ட திருவழிபாட்டு இசை பற்றிய அறிவுரை, கருவியின் ஓசை குரல்களை அமுக்கிச் சொற்களை விளங்காமல் செய்துவிடக் கூடாது என்று எச்சரித்தது. 1818-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் இரவில் ஆஸ்திரியாவின் ஓபர்ன்டார்ப் என்னும் சிற்றூர் ஆலயத்தில் ‘சைலண்ட் நைட்’ பாடல் முதன்முதலாகப் பாடப்பட்டபோது துணை நின்றது ஒரு கிட்டார்தான். அங்கே ஒலிபெருக்கியும் இல்லை, தலைக்கு மேல் சுழலும் மின்விசிறியும் இல்லை!

இனி நம் சிக்கலுக்கு வருவோம். தந்தி தனியே அதிர்ந்தால் காதுக்கு எட்டும் ஓசை மிகச் சொற்பம். அந்த அதிர்வு பாலத்தின் வழியே மேற்பலகைக்கு இறங்கி, பலகை காற்றை அசைத்து, உள்ளிருக்கும் காற்றும் துளை வழியே மூச்சுவிட்ட பிறகே நாம் கிட்டார் என்று அறியும் ஒலி உண்டாகிறது. தந்திகள் அமர்ந்திருக்கும் வெள்ளைக் கட்டையின் அடியில் வைக்கப்படும் பிக்கப்போ இதற்கெல்லாம் காத்திருப்பதில்லை. மேரி கியூரி அம்மையாரின் கணவர் பியேர் கியூரியும் அவருடைய தமையன் ஜாக் கியூரியும் 1880-இல் கண்டறிந்த அழுத்த மின்விளைவே அதன் அடிப்படை. தந்தி அழுத்தும் அழுத்தத்தை அது மின்சாரமாக மாற்றுகிறது. மரம் பேசத் தொடங்குமுன் அது கேட்டு முடித்துவிடுகிறது. அதனால்தான் ஓசை கூராகவும் வறட்சியாகவும் வருகிறது. கிட்டார் கலைஞர்கள் இதை வாத்தின் குரல் என்றே கேலி செய்வார்கள்.

மைக் நேர்மாறானது. மரத்தையும் காற்றையும் கேட்கிறது. கூடவே மின்விசிறியையும், அருகில் நிற்கும் மாணவியின் இருமலையும், ஒலிபெருக்கியிலிருந்து திரும்பிவரும் தன் ஓசையையுமே கேட்கிறது. திரும்பிவந்ததை மறுபடி மறுபடி பெருக்கும்போது பிறப்பதே அந்த ‘ஊ’. ஆகவே பிக்கப்பை மட்டும் நம்பினால் வாத்து. மைக்கை மட்டும் நம்பினால் கூவல். இரண்டையும் மிக்சரில் தனித்தனி வாய்களில் இணைத்து, அளவறிந்து கலப்பதே வழி.

முதலில் பிக்கப்பை மட்டும் உயர்த்திக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி செய்ய வேண்டும். பிறகு மைக்கைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். ஓசையில் மரம் தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். கூவும் எல்லைவரை போகக் கூடாது. மைக்கைத் துளைக்கு நேரே வைப்பது பலர் செய்யும் தவறு, அங்கே கட்டை ஒலி குமுறும். கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு எதிரே 20 முதல் 30 சென்டிமீட்டர் தள்ளி வைத்தால் நன்று. மைக் வாயில் உள்ள கட்டை ஒலியைக் குறைத்துவிடலாம். அந்த வேலையைப் பிக்கப் பார்த்துக்கொள்ளும். ஒலிபெருக்கிகளோ பாடகர் குழுவுக்கு முன்னால், மக்களை நோக்கி நிற்க வேண்டும்.

இங்கே பதினோராம் வகுப்பு மாணவியர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்றுண்டு. பிக்கப் கேட்பது உடனே; மைக் கேட்பதோ ஒலி காற்றில் நடந்து வந்த பின். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் செல்கிறது. 30 சென்டிமீட்டர் கடக்க ஆயிரத்தில் ஒரு நொடிக்குச் சற்றுக் குறைவாகவே ஆகும். அற்பம் என்று எண்ணாதீர்கள். ஏறத்தாழ 575 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுடைய ஒலிக்கு அது சரியாக அரை அலை. ஒன்றின் முகடு மற்றதன் அகட்டில் விழுந்து, இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். பாடநூலில் அலைகளின் மேற்பொருந்துதல் என்று நீங்கள் படித்தது இதுவே. இரண்டையும் சேர்த்தபின் ஓசை மெலிந்தால், மிக்சரில் வட்டத்தின் குறுக்கே கோடிட்ட பொத்தானை அழுத்திப் பாருங்கள். அது ஓர் அலையைத் தலைகீழாக்கும். எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். பொத்தான் இல்லாவிடில் மைக்கை நாலு விரற்கடை முன்னும் பின்னும் நகர்த்தினாலே வேறுபாடு தெரியும்.

இரண்டு கம்பிகளைக் கவனிப்பது பிள்ளைகளுக்கு ஆகாத வேலை என்று சிலர் கூறலாம். ஆய்வகத்தில் அமிலத்தை அளந்து ஊற்றும் பெண்ணுக்கு ஒரு குமிழைத் திருப்பத் தெரியாதா? ஆண்டு விழா மைதானத்தில் மட்டும் அவர்கள் சொல்வதை ஏற்பேன். காற்றும் கூட்டமும் உள்ள இடத்தில் மைக் தொல்லையே தரும். பிக்கப் ஒன்றே போதும். நாற்பது பேர் அமரும் காலைச் செபத்துக்கு இரண்டுமே வேண்டாம். கிட்டாரை அதன் போக்கில் விட்டுவிடலாம். (வாசித்து முடித்ததும் கம்பியைக் கழற்றி வையுங்கள். செருகியே இருந்தால் கிட்டாருக்குள் இருக்கும் 9 வோல்ட் மின்கலம் தீர்ந்துபோகும். அதன் பின் வாத்தும் தொண்டை கட்டிக்கொள்ளும்.)

கீபோர்டின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் அதில் பொத்தானை அழுத்தினால் வரும் தாளம், பாடுவோர் மூச்சுவிட நிற்பதில்லை. கிட்டார் வாசிக்கும் பெண் நிற்பாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பதிலுரைப் பாடலில் ஒரு சொல்லைத் தவறவிட்டால் அவள் காத்திருந்து அழைத்துப் போவாள். அதை இழக்குமுன், அருட்சகோதரிகள் அடுத்த திருவிழா ஒத்திகையில் ஒரு முறை இதைச் சோதிக்க இசைய வேண்டுகிறேன். பாடாத மாணவி ஒருத்தி கடைசி வரிசையில் அமர்ந்து, சொற்கள் விளங்காதபோது கையை உயர்த்தட்டும். மிக்சரில் இருப்பவள் அந்தக் கையைப் பார்த்துக் குறைக்கட்டும். வாங்க வேண்டியவை ஒரு மைக் தாங்கியும் ஒரு கம்பியுமே. நம் மிக்சரில் இரண்டு வாய்கள் இப்போதும் சும்மாதான் இருக்கின்றன.